உள்பைக்குப் போகும் கை

சீருடையைக் கண்டால் போதும், தவரத்தினத்தின் வலக்கை தானாக நெஞ்சுப் பக்கத்து உள்பைக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை அது. கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டினால்தான் அடி விழாது என்று இருபது வயதில் படித்த பாடத்தை, பாரிசுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் அவர் மறக்கவில்லை. மெத்ரோவில் டிக்கெட் பார்ப்பவரிடம் வதிவிட அட்டையை நீட்டுவார். ஒரு டிசம்பரில் தீயணைப்புப் படையினர் கலண்டர் விற்க வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களிடமும் நீட்டினார்.

"கலண்டர் விக்க வந்தவங்களுக்குக் காட் காட்டின ஆள் பிரான்சிலை நீங்கள் ஒருத்தர்தான்" என்று மனைவி கோசலை நாள் முழுக்கச் சிரித்தாள்.

மற்றபடி யார் வம்புக்கும் போகாத மனிதர். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் தட்டுக் கழுவினார். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் முருங்கைக்காய் விலையைக் கேட்டுக் கடைக்காரரை முறைப்பார், பிறகு வாங்கிவிடுவார்.

போன வருடம் மார்ச்சில், பட்டப்பகலில், போன் பறித்தவன் ஒருவனைத் தேடிக்கொண்டு பொலிஸார் பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேக்குள் வந்தார்கள். தவரத்தினத்தின் கை உள்பைக்குப் போனது. கையை வெளியே எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவரோ இன்னும் அவசரமாக அட்டையைத் தேடினார். மின்துப்பாக்கியால் சுட்டார்கள். வலிப்பு வந்தவரைப் போல் நடைபாதையில் விழுந்து துடித்தவர் மேல் இரண்டாம் தடவையும் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கோசலையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "காட் இருக்கோ?"

எதிர்க்கடையில் நின்ற யாரோ எடுத்த வீடியோ மறுநாளே எல்லார் போனிலும் ஓடியது. அதுவரை தவரத்தினத்தை ஏறெடுத்தும் பார்க்காத சனமெல்லாம் கொதித்தெழுந்தது. நகைக்கடை றெமிஜியஸ் கோரிக்கை மகஜர் ஒன்றை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இந்தப் பகுதியில் பொலிஸாரிடம் மின்துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

"தங்கச்சி, முதல் கையெழுத்து உங்கடையா இருக்கவேணும்."

"அவர் ஏன் கையை உள்ளுக்கு விட்டவரெண்டும் எழுதுங்கோ அண்ணை. அதை ஆராவது பொலிசுக்குச் சொல்லவேணும்."

"அது நீளக் கதை. இப்ப முக்கியம் அந்தக் கறண்ட் துவக்கு."

கோசலை கையெழுத்துப் போட்டாள். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்திலிருந்து லா ஷப்பல் வரை நடந்த ஊர்வலத்தில் புருஷனின் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நடந்தாள். ஜூனில் அறிவிப்பு வந்தது: விசாரணை முடியும்வரை அந்தப் பகுதிப் பொலிஸார் மின்துப்பாக்கி எடுத்துச் செல்ல மாட்டார்கள். கடைத்தெருவில் லட்டுக் கொடுத்தார்கள். பொலிஸாரின் இடுப்பில் மற்றத் துப்பாக்கி, குண்டு சுடுவது, அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோசலையும்தான்.

அவளுக்கு வீட்டில் வேறு வேலை இருந்தது. அட்டையை உறையில் போட்டு அவர் கழுத்தில் தொங்கவிட்டாள். கோட்டின் உள்பையை இரட்டை நூலால் தைத்து மூடினாள். தினமும் அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, "பொலிஸ்!" என்று கத்துவாள். அவர் இரண்டு கையையும் தூக்க வேண்டும். முதல் நாள் கை நெஞ்சுக்குத்தான் போனது. நாற்பதாம் நாளும் அங்கேதான் போனது.

"இஞ்சாருங்கோ, கையைத் தூக்குங்கோ எண்டால் விளங்காதோ?"

"எனக்கு விளங்குது கோசலை. கைக்குத்தான் விளங்குதில்லை" என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், ஸ்டாலின்கிராட் மெத்ரோப் படிக்கட்டில் இரண்டு பொலிஸார் எதிரே வந்தார்கள். யாரோ கத்தியோடு திரிவதாக அவர்களுக்குத் தகவலாம். கழுத்தில் அட்டை தொங்கியது. கை உள்பைக்குப் போனது. பை திறக்கவில்லை. தையலைப் பிய்க்கத் தொடங்கினார். அவர்களிடம் மின்துப்பாக்கி இல்லை. இடுப்பில் இருந்த மற்றத் துப்பாக்கியால் சுட்டார்கள்.

தையல் பாதிதான் பிரிந்திருந்தது என்று கோசலையின் வழக்கறிஞர் பிறகு சொன்னார். பையை நான் தைத்து மூடாமல் விட்டிருந்தால் அட்டை இல்லையென்று அறிந்து கை வெறுமையாய் வெளியே வந்திருக்குமே என்று கோசலை சுவரில் தலையை முட்டி அழுதாள்.

எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் றெமிஜியஸ் வந்தார். மின்துப்பாக்கி இருந்திருந்தால் தவரத்தினம் உயிரோடு இருந்திருப்பார் என்று இப்போது சனம் கொதித்துக்கொண்டிருந்தது. பொலிஸாருக்கு அதை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று புது மகஜர்.

"இதிலயாவது எழுதியிருக்கோ அண்ணை, அவர் ஏன் கையை உள்ளுக்கு விட்டவரெண்டு?"

றெமிஜியஸ் தாளைப் பார்த்தார். "இல்லை, தங்கச்சி."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. சுட்டவன் மேலா, இந்த மனிதர் மேலா, தன் மேலேயா என்று பிரித்தறிய முடியவில்லை. பேனாவை வாங்கிப் போன முறையைப் போலவே முதல் கையெழுத்தைப் போட்டாள்.

"ஞாயிறு ரெண்டு மணிக்கு ஊர்வலம்" என்றார் றெமிஜியஸ், கதவடியில் நின்று. "புதுசா ஒண்டும் அடிக்கத் தேவையில்லை. போன முறைப் படம் கடையிலை இருக்கு, அதையே பிடிக்கலாம்."

"ஓம் அண்ணை" என்றாள் கோசலை.