பிரதமர் பேசிய மத்தியானம்

கேபிள் தொழிலில் படம் ஒழுங்காகத் தெரிந்தால் ஒருத்தரும் போன் பண்ண மாட்டார்கள்; அரை நிமிஷம் மறைந்தால் பெங்களூர் அல்சூர் முழுக்க லைனில் வரும். இந்தத் தொழிலில் வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லையில் பட்டாளம் போய் நின்ற வருஷம் நான் வாங்கியதை மட்டும் சொல்கிறேன்.

டீக்கடைத் தளபதி

சிவராமன் சார் பேங்க் அதிகாரி. எங்கள் தெருவிலேயே பெரிய டிவி அவர் வீட்டில்தான். தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, எந்தப் பக்கமாகப் படை நுழைய வேண்டும் என்று பன் துண்டை நகர்த்திக் காட்டுவார். போகிற பையன்கள் திரும்பி வருவார்களா என்று ஒருநாள் கேட்டேன். என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நாட்டுக்குன்னா எதை வேணா குடுக்கணும்பா. கணக்குப் பாக்கக் கூடாது."

சரசக்கா கேட்டது

சரசக்காவுக்கு கார்மெண்ட்ஸில் வேலை. ஒரே மகன் பட்டாளத்தில். லீவில் வந்திருந்தவனைப் பாதியிலேயே தந்தி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. நாடாளுமன்றத்தில் பிரதமர் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக என் கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிட்டார்.

என்னிடம் இருந்த, சேனல் பிடிக்கிற பெட்டிகள் கொஞ்சம்தான். ஒரு சேனலை நிறுத்தினால்தான் இன்னொன்றைக் கொடுக்க முடியும். நாடாளுமன்றத்தைக் காட்டுகிற டெல்லி சேனலை யாரும் பார்ப்பதில்லை என்று எப்போதோ எடுத்துவிட்டிருந்தேன். அதைப் பிடிக்கக்கூடிய பெட்டியில் இப்போது ஓடுவதோ மத்தியான சீரியல். தயங்கினேன்.

"எனக்கு மட்டும் இல்ல தம்பி, எங்க சந்துல இன்னும் மூணு வூட்டுப் பசங்க அங்க நிக்கறானுங்க. சண்டையா இல்லையான்னு அந்த மனுசன் வாயால கேக்கணும், போடுப்பா."

போன் மணி

போட்டேன். பிரதமர் எழுந்து நிற்பதற்குள் போன் அலற ஆரம்பித்தது. "ஏன்ரீ, சீரியல் எல்லி?" என்று, சீரியல் எங்கே போச்சு எனக் கன்னடத்தில் அதட்டியது ஒரு குரல். மருமகள் விஷம் குடித்தாளா இல்லையா என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை என்றது இன்னொன்று. பக்கத்தில் சரசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அடுத்து போனில் வந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்திருந்த சிவராமன் சார். சார், போர் விஷயம், நீங்களே பார்க்க வேண்டாமா என்றேன்.

"அதை நாளைக்குப் பேப்பர்ல படிச்சிக்கறேன்யா. வீட்ல லேடீஸ் எல்லாம் டென்ஷன் ஆவுறாங்க, மொதல்ல சீரியலைப் போடு!"

போடவில்லை. போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

மேசைச் சத்தம்

பிரதமர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். சண்டை என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொறுமைக்கும் அளவுண்டு என்கிற தோரணையில் ஏதோ சொன்னதும், கட்சி பேதமில்லாமல் அத்தனை பேரும் மேசையைத் தட்டினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். மார்க்கெட்டில் பேசிப் பழகிய இந்தியை வைத்துக்கொண்டு அதுவரை ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிக்கொண்டிருந்த சரசக்கா சட்டென்று எழுந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. டிவியைக் காட்டினார்.

"இந்தத் தட்டு தட்டறானுங்களே, இதுல எவன் வூட்டுப் புள்ள அங்க நிக்குது?"

நல்லவேளை, போர் வரவில்லை; சரசக்காவின் மகன் முழுசாக வீடு வந்து சேர்ந்தான்; நாட்டுக்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கச் சொன்ன சிவராமன் சார் கடைசியில் கொடுத்தது தன் வீட்டுக் கேபிள் கனெக்‌ஷனை, அதுவும் அடுத்த தெரு கேபிள்காரனுக்கு.