பிறர் வேண்டிக்கொண்ட தலை

நாற்பது வயதாவதற்குள் கன்னியம்மாளுக்கு மூன்று முறை மொட்டை அடித்துவிட்டார்கள். அதில் ஒன்றுகூட அவள் வேண்டிக்கொண்டதில்லை.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது அவள் ஊர். 1991இல் கஜபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவன். வீட்டில் யாருக்கு எது வந்தாலும் மூத்தவர் ஒருவர் திருத்தணி முருகன் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இன்னொருவர் தலையை வேண்டிக்கொள்ளலாம் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. வேண்டிக்கொள்கிற பொறுப்பு கஜபதியின் அக்கா அம்சாவுடையது. கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கஜபதிக்கு முறிந்த கால் கூடியதும் கன்னியம்மாள் தலை. பங்காளித் தகராறு தீர்ந்ததும் கன்னியம்மாள் தலை. சினை மாடு பிழைத்ததற்கும் அதே தலை.

"வேலைக்குப் போற ஆம்பள மொட்டையோட எப்டிப் போவான்?" என்பாள் அம்சா.

கரும்பு வெட்டப் போகிறவள் மழித்த தலையில் வெயிலை எப்படித் தாங்குவாள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கன்னியம்மாளும் கேட்கவில்லை. கொல்லையிலிருந்து வந்து, உலை வைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபின் கேள்வி கேட்க அவளிடம் மூச்சு மிச்சமிருப்பதில்லை.

மகள் அனுராதாவுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அம்சா அவள் தலையையும் வேண்டிக்கொண்டாள். பெண் வயதுக்கு வருவதற்குள் மொட்டை அடிக்க வேண்டும். அதுவரை கத்தரி படக் கூடாது. முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. விடியலில் அதற்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்து, பின்னிவிட்டுத்தான் கன்னியம்மாள் வேலைக்குப் போக முடியும்.

2008 ஆடிக் கிருத்திகை கழிந்த வாரம் மொட்டைக்கு என்று முடிவாயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில், சீப்புக்குத் தலையைக் கொடுத்தபடி அனுராதா சொன்னாள்:

"எங்க கிளாஸ் சாய்லக்ஷ்மிக்கு ரத்தப் புத்துநோய்மா. மருந்துல முடியெல்லாம் கொட்டிப் போச்சி. துணி கட்டிகினு வர்றா. பசங்க மொட்ட மொட்டன்னு கூவறானுங்க."

"பாவம்."

"மெட்ராஸ்ல அவ வைத்தியம் பாக்குற எடத்துல முடி குடுத்தா சவுரி மாதிரி முழுத் தலைக்கும் செஞ்சி, இல்லாத புள்ளைங்களுக்குத் தராங்களாம். நனைக்கக் கூடாதாம். ரெண்டு பக்கமும் ரப்பர் போட்டுப் பின்னலோட தரணுமாம்."

"ஒரு பின்னல் பத்துமா?"

"பத்தாதும்மா. நாலஞ்சி பேர் தரணும். நான் ஒண்ணு தரேனே."

அம்சாவிடம் கேட்டபோது பதில் உடனே வந்தது. "சாமிக்கு வளத்தது. நடுவுல ஆஸ்பத்திரிக்காரன் எங்கிருந்து வந்தான்?"

"சாமி அத வெச்சி இன்னா பண்ணும் அத்த?"

"ஆங், வந்து உன்கிட்ட கணக்கு சொல்லும்."

காணிக்கை முடி ஏலத்துக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். நல்ல நீள முடி கப்பலேறி, யாரோ ஒரு சீமாட்டி தலையில் உட்காரும். பக்தி அதைத் தடுக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்குக் கொடுப்பதைத்தான் தடுத்தது. கஜபதி, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மொட்டைக்குக் குறித்த நாளில் மலைமேல் மொட்டை போடும் கூடத்தில் வரிசை மெல்ல நகர்ந்தது. அனுராதாவின் முறை வந்ததும் நாவிதர் கந்தன் சொம்பை எடுத்தார்.

"அண்ணே, தண்ணி ஊத்தாதீங்க. பின்னல மொதல்ல அறுத்து என்கிட்ட குடுத்துடுங்க" என்றாள் அவள்.

"இங்க வுழுந்த முடி இங்கதாம்மா. வெளிய குடுத்தா என் வேல போயிடும்" என்றார் கந்தன். கோபமாகச் சொல்லவில்லை.

"அடங்காப்பிடாரி, ஒக்காருடி" என்றாள் அம்சா.

அனுராதா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு கன்னியம்மாளுக்குத் தெரியும். அதே பலகையில் மூன்று தடவை அவள் அப்படிக் குனிந்திருக்கிறாள்.

"இருங்கண்ணே" என்று மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கத்தரி கேட்டாள். "கட்னவன்கூட சண்டையா?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள் அவள். பின்னலின் அடியிலும் நுனியிலும் அனுராதாவே ரப்பர் போட்டாள். கத்தரி மொண்ணை. அறுபட நேரமாயிற்று. பின்னலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிப்போய் மறுபடியும் பலகையில் உட்கார வைத்தாள்.

"இப்ப எடுங்கண்ணே."

கந்தன் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்தார்.

"அடிப் பாவி, சாமி முடிய அறுத்துட்டியே" என்றாள் அம்சா.

"நீ வேண்டிகினது மொட்டதானக்கா. மொட்ட ஆச்சி, பாரு."

படியிறங்கும்போது அம்சா மூச்சு வாங்க ஒரு படியில் உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "சாமிக்குக் கொற வெச்சிட்டோம் கன்னிம்மா. அடுத்த வருசத்துக்கு உன் தலைய வேண்டிகினேன். சரியாப் பூடும்."

கன்னியம்மாள் தண்ணீர் பாட்டிலை மூடினாள். குரலில் சண்டை இல்லை, அலுப்புதான் இருந்தது.

"வேணாங்க்கா. உன் தலைய வேண்டிக்கோ."

அம்சாவின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போயிற்று. இத்தனை வருடத்தில் அந்தத் தலை ஒரு வேண்டுதலிலும் வந்ததில்லை.

பேருந்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அதில் அம்சா உட்கார்ந்தாள். அனுராதா சந்தனம் பூசிய தலையைத் தாயின் விலாவில் சாய்த்து நின்றபடியே தூங்கினாள். கன்னியம்மாள் ஒரு கையில் கம்பியும் மறு கையில் பையுமாக நின்றாள். பையைச் சாய்லக்ஷ்மியின் அப்பா அடுத்த முறை சென்னைக்கு எடுத்துப் போவார். மறுநாள் விடிந்தால் கரும்பு வெட்டு. சிக்கெடுக்கிற வேலை மட்டும் இருக்காது.

அந்த வருடக் கடைசியில் மாடு மறுபடி சினையாகி நோவில் விழுந்தது. அம்சா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். வாய் திறந்தவள் கன்னியம்மாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு தேங்காயை வேண்டிக்கொண்டாள்.