பால் காய்ச்சும் வரை சொல்லாதே

கோவளத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியது வீட்டுக்காரர் இல்லை, நான். அதற்கு முன் செங்கல்பட்டில் இருந்த வீட்டை நாலே மாதத்தில் காலி செய்ய வேண்டி வந்தது. அந்த வீட்டுக்காரரின் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதாம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு வீடு வேண்டுமாம். அவன் கல்யாணத்துக்கு நாங்கள் மூட்டை கட்டினோம். சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. அந்தக் கடுப்பு ஆறாமலே கோவளத்துக்கு வந்தவள், முத்திரைத்தாளில் நானாக ஒரு வரி சேர்த்தேன். பதினொரு மாதம் முடியும்வரை அவர் எங்களைக் கிளப்பவும் கூடாது, நாங்களாகக் கிளம்பவும் கூடாது. இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை. பார்க்க நியாயமாக இருக்கட்டுமே என்று நான்தான் எழுதினேன்.

வீட்டுக்கார அக்கா கீழ் வீட்டில் தனியாக இருந்தார். இட்லி மாவு அரைத்து விற்பவர். தாளைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போயிற்று.

"பேப்பரு இன்னாத்துக்கும்மா? வாயால சொன்னா பத்தாதா?"

பத்தாது என்றேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

என் கணவருக்குக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை, எனக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டுக்கும் நடுவே கோவளம் என்று கணக்குப் போட்டு வந்தோம். மகளை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம். அவள் பள்ளிக்கூடம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில். காலை வேனில் ஏறினால் மகாபலிபுரம் தாண்டுவதற்குள் வாந்தி. ஏழு வயதுக் குழந்தை, பையில் புத்தகத்தோடு மாற்றுச் சட்டையும் பிளாஸ்டிக் கவரும் எடுத்துக்கொண்டு போகும். இளைத்துக்கொண்டே வந்தாள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கேட்டு இவர் எழுதிக் கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. அதை நாங்கள் மறந்தேவிட்டோம்.

கோவளத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கி ஆர்டர் வந்தது. பத்து நாளுக்குள் சாவி வாங்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி வரிசையின் வால். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று தெரிந்ததும் மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். நானும் குதித்திருப்பேன், கீழே அக்காவுக்குக் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

விருதுநகரிலிருந்து மாமியார் போனில் வந்தார். "ஆடி பொறக்குறதுக்குள்ள பாலக் காய்ச்சிருங்க. அதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டுரும்."

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆபீஸில் யாராவது ராகுகாலம் பார்த்தால் முதலில் கிண்டல் செய்கிறவள் நான்தான். ஆனால் நாலு வருடம் காத்திருந்து கிடைத்தது என்றதும் வாய் தானாக மூடிக்கொண்டது. மகளிடம் சாக்லேட் கொடுத்துச் சத்தியம் வாங்கினேன்.

நாலைந்து நாள் கழித்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். முட்டிவலிக்காரர், சாதாரணமாக மேலே வரமாட்டார்.

"இன்னாம்மா, நீங்க வருசம் பூரா இங்கதான கீறீங்க?"

"ஆமாக்கா. நாங்க எங்க போகப் போறோம்?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். எப்படியோ வாசனை பிடித்துவிட்டார், நல்லவேளை சமாளித்துவிட்டோம் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசி நாள் பால் காய்ச்சினோம். அடுப்பைப் போர்வையில் சுற்றி, சர்வீஸுக்குப் போகிறது என்று அக்காவிடம் சொல்லிக் காரில் ஏற்றியதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. மாமியார் வீடியோ காலில் கும்பிட்டார்.

மறுநாளே பால்கோவாவும் பேச்சும் தயார் செய்துகொண்டு கீழே போனேன். ஆடி முடிந்ததும் போகிறோம், அதற்குள் வேறு ஆள் பார்த்துக் கொடுக்கிறோம், மீதி மாதங்களுக்கு எங்களைப் பிடித்து வைக்காதீர்கள் என்று ஒப்பித்தேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினார்.

"ஆர்டரு எப்ப வந்திச்சு?"

சொன்னேன்.

"அப்போ நான் மேல வந்து கேட்டப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார். "எம் மருமவன் மறுபடி துபாய்க்குப் போறான். எம் பொண்ணு கைக்கொயந்தைய வச்சிக்கினு தனியா இன்னா பண்ணுவா? மாடிய எனக்குக் குடும்மான்னா. நான் கையெத்து போட்டுக் கீறேன், முடியாதுன்னேன். ஒரு வாட்டி கேளேன்னா. அதுக்குத்தான் முட்டிய இஸ்துக்கினு மேல வந்தேன். நீ போமாட்டேன்னு சொல்ட்ட. போன வாரம் கேளம்பாக்கத்துல வூடு புட்சி அட்வான்ஸ் குட்த்துட்டாங்க. அங்கியும் பதினோரு மாசம்தான்."

கையிலிருந்த பால்கோவாவைக் கிரைண்டர் பக்கத்தில் வைத்தேன்.

"ஏம்மா சொல்லல?"

பொய் எதுவும் கைவசம் இல்லை. பால் காய்ச்சும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது, கண்ணுபடும் என்று ஊரிலிருந்து சொன்னார்கள் என்றேன்.

"எங் கண்ணா?"

அவ்வளவுதான் கேட்டார். அப்புறம், "பாப்பா வாந்தி எட்த்துக்கினு போறத நானுந்தான் தெனம் பாக்குறேன். நீ போம்மா. பேப்பரெல்லாம் ஒண்ணியும் இல்ல" என்று கிரைண்டரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன மன்னிப்பு அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. அவமானத்தில் மேலே வந்து அழுதேன்.

விட்டுவிட மனமில்லாமல் கேளம்பாக்கம் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அந்தப் பெண்ணை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். ரொம்பப் பொறுமையாக ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினார். கிட்டத்தட்ட என் வரியேதான். அவரை எந்த முகத்தோடு திட்டுவது?

ஆவணி பிறந்ததும் சாமான் ஏற்றினோம். அன்றைக்கு அக்காவின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காலியான அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, "யம்மா, இங்க காத்து நல்லா வருதுல்ல?" என்றாள். அக்கா முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்தார். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. குழந்தை தூங்கும் நேரமாகிவிட்டது என்று அவள் கேளம்பாக்கம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.