நீல டிரம்மில் கலந்த உப்புத் தண்ணீர்

தலைக்குக் குளித்து முடித்தால் முடி தேங்காய் நாராக விறைத்துக்கொள்ளும், சீப்பு பாதியில் நின்றுவிடும், அம்மா இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணீர் வரும், அந்தக் கண்ணீரே எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைவிடக் கரிப்புக் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. சங்ககிரிக்கு வெளியே, லாரிப் பட்டறைகள் முடிந்து வீட்டு மனைகள் தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் காலனி. அங்கே சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரிந்து வாளியில் மிதக்கும். குழாயின் வாயில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளை ஏறியிருக்கும். எவர்சில்வர் டம்ளரை எவ்வளவு தேய்த்துக் கவிழ்த்தாலும் காய்ந்தவுடன் தேமல்போல வட்டங்கள் தெரியும், வந்த விருந்தாளி அதைக் கழுவாத டம்ளர் என்று நினைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் இரண்டு. தெருமுனைத் தொட்டியிலிருந்து தினமும் வருவது "உப்புத் தண்ணி", அது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை காவிரியிலிருந்து வருவது "நல்ல தண்ணி", அது குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும். அது வரும் நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. வால்வு திறக்கிறவர் சைக்கிளில் நீளச் சாவியோடு தெருவுக்குள் நுழைந்தால், முதலில் பார்த்தவர் போடும் சத்தத்தில் எல்லா வீட்டுக் குடங்களும் வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். சமையலறை மூலையில் இருந்த மூடிபோட்ட நீல டிரம்மில் நல்ல தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா தறிப்பட்டறையில் வேலைக்குப் போனதால், பள்ளி இல்லாத நாட்களில் டிரம்மை நிரப்பும் பொறுப்பு ஆறாம் வகுப்புப் படித்த என்னுடையது.

அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் வடநாட்டில் எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார், அங்கே மழை பிடித்துக்கொள்ளும் இரண்டு மாதம் மட்டும் வீட்டில் இருப்பார். குழியிலிருந்து முதல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது அதை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். "நாக்குல ஒரு சொட்டுப் பட்டாப் போதும், எத்தன அடித் தண்ணின்னு சொல்லிப்போடுவேன்" என்று பீற்றிக்கொள்வார். அம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு போவாள்.

அந்த வருடம் அவர் வந்தபோது பாதி உடம்பாக வந்தார். ரிக் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார், சிறுநீரகத்தில் இரண்டு கல். மருந்தில் ஒன்று கரைந்து போயிருந்தது, இன்னொன்று உள்ளேயே இருந்தது. டாக்டர் என்னென்ன சொன்னாரோ, அம்மா அதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எங்கள் வீட்டுக்குள் சட்டமாகக் கொண்டுவந்தாள். "உப்புத் தண்ணி ஒரு சொட்டு உங்கொப்பன் வாயில படக்கூடாது, பாத்துக்க அம்மிணி." அதன்பிறகு டம்ளரின் வெள்ளை வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதே வெள்ளை அப்பாவின் வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருப்பதாகத் தோன்றி எனக்குப் பகீரென்று இருக்கும்.

அப்படிப் பயந்தவள்தான் காலாண்டு லீவு தொடங்கிய அந்தச் சனிக்கிழமை அடுத்த தெருவில் தோழி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து உலகத்தை மறந்தேன். திரும்பி வந்தபோது தெரு முழுக்க ஈரம், எல்லா வாசலிலும் நிறைந்த குடங்கள், எங்கள் குழாயில் கடைசிச் சொட்டுகள். உள்ளே ஓடினேன். டிரம்மைத் திறந்தால் அடியில் நான்கு குடம் இருந்தால் அதிகம். பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் அன்றைக்கே அம்மாவின் காதுக்குப் போய்விடும். உப்புக் குழாயைத் திறந்தேன். நான்கு குடம் பிடித்து, நல்ல தண்ணீரோடு கலந்து, மூடியைப் போட்டு மூடினேன். பாதிக்குப் பாதி நல்லதாக இருந்தால் பாதிக் கெடுதல்தானே என்று என் கணக்கு.

ரிக் முதலாளியைப் பார்க்கத் திருச்செங்கோடு போயிருந்த அப்பா வெயிலில் வந்து இறங்கியதும் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். முதல் மடக்கை விழுங்க அவருக்கு ஒரு விநாடி கூடுதலாக ஆனது. பிறகு டம்ளரைக் காலி செய்துவிட்டு, "என்ன சாமி, அப்படிப் பாக்கற?" என்றார். "ஒண்ணுமில்லீங்ப்பா" என்றேன். அவருடைய நாக்கு வெறும் பீற்றல்தான் என்று தெரிந்து உயிர் வந்தது. அம்மாவும் குடித்துவிட்டு, மேட்டூரில் புதுத் தண்ணீர் திறந்திருப்பார்கள், அதுதான் ருசி ஒரு மாதிரி இருக்கிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டும் வேகாமல் நின்றதற்கு மளிகைக் கடைக்காரரைத்தான் போய் ஒரு பிடி பிடித்தாள். "பருப்பக் கொற சொல்லாதக்கா, உங்கூட்டுத் தண்ணியப் பாரு" என்று அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி அவள் திட்டிக்கொண்டிருந்தபோது நான் பாத்திரங்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு வந்த உயிரோ அந்தச் சனிக்கிழமை மாலைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. அவர் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் கல்லாகப் போகிறது என்ற பயம். ஆகவே அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டு, பாதி டம்ளராகக் கொடுக்க ஆரம்பித்தேன். குளியலறைச் சுவருக்கு அவரே சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த நாட்கள் அவை, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் கேட்டால், "டிரம்முல கம்மியாத்தான் இருக்குதுங்ப்பா, அடுத்த தண்ணி எப்ப வருமோ" என்பேன். "செரி சாமி" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு பூச்சுக் கரண்டியை எடுப்பார். அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நான் மனதார நம்பினேன்.

நான்காம் நாள் மத்தியானம் சிமெண்ட் சட்டி உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். அப்பா தரையில் சுருண்டு கிடந்தார், முகமெல்லாம் வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குக் கையை மட்டும் அசைத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவில் ஏற்றினார், அம்மா தறியை நிறுத்திவிட்டுத் தலையெல்லாம் பஞ்சோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

ஊசி போட்டு வலி அடங்கியபின் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதுதான். அப்பா சொன்ன அளவைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லு இருக்கறவரு இவ்வளவுதான் குடிப்பீங்களா? நல்ல தண்ணி இல்லைன்னா கிடைக்கிற தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. மூணு லிட்டர் உள்ள போகணும். குடிக்காம இருந்ததுதான் உங்களைப் படுக்க வச்சிருக்கு." நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "தாகமே எடுக்கலீங்க டாக்டர்" என்றார். "தாகம் எடுத்தாத்தான் குடிக்கோணுமா?" என்று அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமில்லை, வளர்ந்து, கல்யாணமாகி ஓமலூருக்கு வந்து, எனக்கு ஒரு பெண் பிறந்த பிறகும் திறக்கவில்லை.

இப்போது அந்தக் காலனியில் வால்வுச் சாவியோடு சைக்கிள் வருவதில்லை. தெருமுனை போர்வெல் வற்றிப்போய்த் தொட்டியையும் இடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு சுத்திகரிக்கும் இயந்திரமோ, மினி ஆட்டோவில் வரும் கேனோ இருக்கிறது, எந்த வீட்டில் குடித்தாலும் தண்ணீருக்கு ஒரே ருசி, அதாவது ருசியே இல்லை. பருப்பு இரண்டே விசிலில் வெந்துவிடுகிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திடுக்கிடுவார், இல்லை சிரித்துவிட்டு, "எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"மொத மடக்குலயே தெரிஞ்சுது சாமி. ஆனா நீ எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னே. எப்படித் துப்புவேன்?"

"அப்புறம் பாதிப்பாதியாக் குடுத்தப்ப, இன்னும் வேணும்னு கண்டிச்சுக் கேட்டிருக்கலாமுல்லங்ப்பா?"

"கேட்டாக் குடுத்திருப்பே. குடுத்துப்போட்டு அழுதிருப்பே."

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இத்தனை வருடமும் நான் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான். முதல் மடக்கிலிருந்தே தெரிந்துகொண்டு, நாக்கு வறண்ட அந்த நான்கு நாளும் எனக்காகச் சும்மா இருந்திருக்கிறார். சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.