கிளீட் தேயாமல் இருக்க வெறுங்கால் நடை

இன்று காலை சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் பஞ்சர். மாற்று டியூப் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

பெடலில் மாட்டிக்கொள்ள என் ஷூவுக்கு அடியில் கிளீட் என்ற பிளாஸ்டிக் கட்டை உண்டு. மிதிப்பதால் அது அவ்வளவு தேயாது, ரோட்டில் நடப்பதால்தான் தேயும். அதனால் ஷூவைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, அம்மா மண்டபம் ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

காவிரியில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்த ஒரு மாமி என் காலைப் பார்த்தார்.

"வெறுங்காலோட நடக்கறேளே, என்ன பிரார்த்தனை?"

"பிரார்த்தனை இல்ல மாமி. இந்த ஷூவோட நடந்தா அடியில இருக்கற கட்டை தேஞ்சுடும்."

மாமி ஷூவைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"அது தேயப்படாதுன்னு நீங்க தேயறேளாக்கும்."

"கால்ல தோல் தானா வளந்துடும் மாமி. இது தேஞ்சா ஆர்டர் போட்டுத்தான் வாங்கணும்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, செருப்பைக் கழட்டற வேலை முடிஞ்சாச்சு. அப்படியே பெருமாளைச் சேவிச்சுட்டுப் போங்கோ."

சைக்கிள் ஷார்ட்ஸோடு உள்ளே போக முடியாது. ராஜகோபுரத்துக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

என் கிளீட்டுக்கு இது மூன்றாவது வருஷம், இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது.

ஷூவைக் கழற்றாமல் டக் டக்கென்று காபி கடைக்கு நடக்கிறவர்களே, உங்களுடையது எத்தனை மாதம் வந்தது? உண்மையைச் சொல்லுங்கள். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.