அவளுட நிறத்திலயே போட்ட முகம்

இதைச் சொன்னா எங்கட வீட்டிலயே சிரிக்கிறாங்க. "பவுடர் மணத்தில உனக்கு மூளை கலங்கிட்டு" எண்டு அண்ணன் சொல்லுறான். சிரிக்கட்டும். நித்திரையில நடந்ததில்ல, காய்ச்சலில நடந்ததில்ல. பட்டப்பகல்ல, நான் முழிச்சுக்கொண்டு இருக்கக்குள்ள, இந்த ரெண்டு கையாலயும் தொட்டுச் செய்த வேலை. நம்ப ஏலாதவங்க இதோட எழும்பிப் போகலாம்.

என்ட பேர் கேதீஸ்வரி. ஊர் கிரான். போன மாரிக்கு மட்டக்களப்பு டவுனில றீற்றா அக்காட்ட மேக்கப் படிச்சுக்கொண்டிருந்தன். வாவியைப் பாத்த மாதிரி மேல் மாடியில ஒரு அறை. அக்கா கெட்டிக்காரிதான், அதில நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா வாய் இருக்கே... "கேதா, உன்ட முகத்தில போட்டுப் பழகாத. கறுப்பில நிழல் விழுந்தா ஆருக்குத் தெரியப் போகுது?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேப்பா. மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பன். வேற என்ன செய்யிற?

அப்ப நடந்த பாடம் கொன்டூர். முகத்தில பள்ளமா காட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு கருநிறம், மேடா காட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் விசயம். ஆனா வேலைக்கு வேலை முகம் மாறும். இண்டர்வியூக்குப் போற பிள்ளைக்குக் கன்னத்துக்குக் கீழ லேசா ஒரு இழுப்பு போதும். டீவியில செய்தி வாசிக்கிறவக்கு லைட் முழுக்க முன்னால இருந்து அடிக்கும், அதால நெற்றி ஓரம், மூக்கு எல்லாம் அழுத்திப் போடணும். ஹோட்டல் ரிசெப்ஷனில நிக்கிறவக்கு லைட் தலைக்கு மேல. அவக்குத் தாடை, நாடி ரெண்டும் வடிவா தெரியணும், சிரிச்சா களைப்புத் தெரியப்படாது. எனக்கு எல்லாம் வந்திச்சு. ஒண்டைத் தவிர. இடது கன்னத்து நிழல் எப்பவும் வலது பக்கத்தை விட ஒரு விரல் அளவு மேல ஏறிப் போயிரும். அக்கா அதுக்கும் ஏசுவா.

அண்டைக்கு விடியத் தொடங்கின மழை விடவேயில்ல. கிளாசுக்கு வந்தது நான் ஒராள்தான். அக்கா மத்தியானம் போலத்தான் வந்தா. "காலையில ஒரு அவசர வேலை" எண்டா. என்ன வேலையெண்டு சொல்லல்ல. பிரஷ் எல்லாத்தையும் டெட்டோல் போட்டுக் கழுவினா. பிறகு கையைக் கழுவினா. மறுகா திரும்பவும் கையைக் கழுவினா. அப்பிடியும் அவட கையில ஒரு மருந்து மணம் நிண்டுது. "தலையிடிக்குது, நான் வீட்ட போறன். நீ பூட்டிக்கொண்டு போ" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா.

மூண்டு மணிக்குக் கரண்ட் போச்சு.

அறைக்குள்ள பின்னேரம் ஏழு மணி மாதிரி இருட்டு. பற்றரியில எரியிற வட்ட லைட்டை மட்டும் போட்டன். பாக்கைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு திரும்பினன்.

கதவடியில ஒரு பிள்ள நிண்டாள்.

படியேறி வந்த சத்தம் எனக்குக் கேக்கல்ல. மழைச் சத்தம் எண்டு நினைச்சன். வெள்ளை பிளவுஸ், கறுப்பு நீளப் பாவாடை. கையில ஒரு போன். குடை இல்ல. அந்தப் படி வெளிப் படி, மேல கூரையில்ல. ஆனா அவட தலையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல...

"றீற்றா அக்கா இல்லையா?"

"போயிட்டா. என்ன வேணும்?"

"இதை அழிச்சு விடுங்க" எண்டு முகத்தைக் காட்டினாள்.

லைட்டுக்குக் கிட்ட வந்தாள். பாத்த உடன எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. கழுத்து என்ட நிறம். முகம் சுண்ணாம்பு. மூண்டு நம்பர் கூட்டி வெள்ளையாப் பூசிக் கிடக்கு. கொன்டூரும் பிழை. கன்னத்து நிழல் எலும்புக்குக் கீழ இல்ல, காதுப் பக்கமா ஒதுங்கிக் கிடக்கு. நாடிக்குக் கீழ ஒண்டுமே போடல்ல.

"ஆருகா உங்களுக்கு இந்த அநியாயம் செய்த?"

"றீற்றா அக்காதான்."

"படுத்துக்கொண்டா செய்விச்சீங்க?" எண்டு பகிடிக்குக் கேட்டன்.

"ஓம்."

அவள் சிரிக்கல்ல. நான் சிரிச்சன். மேல இருந்து குனிஞ்சு பாத்துப் போட்டா நிழல் அப்பிடித்தான் விழும். அக்கா ஏன் இந்தப் பிள்ளையைப் படுக்க வச்சுச் செய்தா எண்டு அப்ப நான் யோசிக்கல்ல. அக்கா விட்ட பிழையை நான் பிடிச்சிட்டன் எண்ட புளுகமும் சந்தோசமும்தான் எனக்கு.

பேர் சர்மிலா எண்டாள். கல்லடி. பாசிக்குடாவில ஒரு ஹோட்டலுக்கு ரிசெப்ஷன் வேலைக்கு எழுதிப் போட்டவளாம். அதுக்குத்தான் இந்த உடுப்பும் தைச்சவளாம்.

"இண்டர்வியூ எப்ப?"

"அது முடிஞ்சு. இண்டைக்கு அம்மா வாறா."

"எங்க இருந்து?"

"குவைத். ஏழு வருசத்துக்குப் பிறகு வாறா. போனில அம்மா பாத்த முகம் இது இல்ல அக்கா. அம்மா என்னை அடையாளம் பிடிக்கணும்."

அந்தச் சொல்லு என்னைச் சுட்டுது. பெத்த தாய்க்கு முன்னாலயும் வெள்ளையாத்தான் நிக்கணுமா? பாக்கை இறக்கி வச்சன்.

"இருங்க. உங்கட நிறத்திலயே போட்டு விடுறன்."

கதிரையில இருந்தாள். எண்ணெயும் பஞ்சும் எடுத்துத் துடைச்சன். படை படையா வந்திச்சு. கலியாணப் பொம்பிளைக்குக் கூட இவ்வளவு பூசுறதில்ல. அழிக்க அழிக்க உள்ளுக்க இருந்து அவட நிறம் வந்திச்சு. நல்ல நிறம். ஆனா கொஞ்சம் சாம்பல் அடிச்சிருந்திச்சு. நாடிக்குக் கீழால ரெண்டு காதுக்கும் ஒரு தடம். சீலைத் துண்டால இறுக்கிக் கட்டின தடம்.

"பல்லு வலியாகா?"

அப்பதான் கவனிச்சன். கதைக்கக்குள்ளயும் அவள் பல்லைத் திறக்கிறாள் இல்ல.

வெள்ளை பிளவுஸில கறை படுமெண்டு கொலருக்குள்ள ரிசூ பேப்பர் ஒண்டை மடிச்சுச் செருகினன். துணி கட்டிவிடப் பின்னால போனன்.

பிளவுஸ் பின்னுக்கு நேரா வெட்டிக் கிடந்திச்சு.

கழுத்தில இருந்து இடுப்பு வரைக்கும். கத்திரிக்கோலால. ரெண்டு ஊசி குத்திப் பிடிச்சிருந்திச்சு. புது உடுப்பு...

"இது என்ன, தையல்காரி செய்த வேலையா?"

"போட ஏலாமப் போச்சு. அதான் வெட்டின."

அந்த மருந்து மணம் அவளிலயும் வந்திச்சு. அக்காட கையில நிண்ட அதே மணம்.

கிறீமை எடுத்துக் கன்னத்தில வச்சன். கொன்டூர் கிறீம் தோல் சூட்டில உருகும். உருகினாத்தான் இழுபடும்.

உருகல்ல.

விரலால தேச்சன். கட்டி கட்டியா நிண்டுது. என்ட புறங்கையில வச்சுச் சூடாக்கி, பிறகு அவட கன்னத்தில வச்சன். அப்பதான் இழுபட்டிச்சு. திரும்பத் திரும்ப அப்பிடித்தான் செய்தன். என்ட கை விறைச்சுப் போச்சு.

"அம்மாக்கு இன்னும் ஒண்டும் தெரியா" எண்டாள்.

"என்ன தெரியா?"

மடியில கிடந்த போனைத் தடவினாள்.

கண்ணுக்குப் போட நிமிர்த்தினன். வட்ட லைட்டுக்கு முன்னால இருக்கிற எல்லாற்ற கண்ணிலயும் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். படம் எடுக்கிறவங்க அதுக்காகவே அந்த லைட்டை வாங்குறாங்க.

அவட கண்ணில வட்டம் இல்ல.

லைட்டைத் திருப்பினன். கிட்ட வச்சன்.

இல்ல...

ஓடியிருக்கலாம். ஏன் ஓடல்ல எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. கன்னம் ஒரு பக்கம் முடிஞ்சு, மற்றப் பக்கம் பாதியில கிடக்கு. தாய் வாறா. அப்பிடி விட்டுட்டு ஓட எனக்கு மனம் வரல்ல, அவ்வளவுதான்.

கடைசியா மூக்குக்குக் கீழ பவுடர் தூவினன். மூச்சு விட்டா அந்த இடத்தில பவுடர் பறக்கும்.

ஒரு தூள் அசையல்ல.

நான் அவளுக்குப் பின்னால போய் நிண்டன். முன்னால நிக்க ஏலாமப் போச்சு.

அவள் போனைத் தூக்கி முகத்துக்கு நேர பிடிச்சாள். கண்ணாடியில பாக்கிற மாதிரி அப்பிடியும் இப்பிடியும் திருப்பிப் பாத்தாள். சிரிச்சாள். சத்தம் இல்ல.

"சரியா, அக்கா?"

"சரி... சரி புள்ள."

பளீரெண்டு கரண்ட் வந்திச்சு. கண் கூசி மூடினன்.

திறந்தன்.

கதிரை வெறுமையாக் கிடந்திச்சு.

மணிக்கூட்டைப் பாத்தன். நாலுக்குப் பத்து நிமிசம் இருந்திச்சு. கூடைக்குள்ள நான் துடைச்சுப் போட்ட பஞ்சு, வெள்ளை வெள்ளையா, அப்பிடியே கிடந்திச்சு. எப்பிடிப் பூட்டினன், எப்பிடி பஸ் ஏறினன் எண்டு எனக்கு நினைவில்ல.

அடுத்த நாள் விடியவே அக்கா கோல் எடுத்தா. குரல் சரியில்ல. "கேதா, கல்லடிக்கு வா. ஒரு செத்த வீடு. வந்து ஒரு முகத்தைப் பாரு."

ஒழுங்கை முனையிலயே பெரிய படத்தோட அறிவித்தல் கட்டியிருந்திச்சு. சர்மிலா. வயசு இருபத்திரண்டு. டெங்குக் காய்ச்சல். நாலு நாளைக்கு முதல் செத்துப் போயிருக்கிறாள்.

அக்கா என்னை மதிலோரம் இழுத்துக்கொண்டு போனா.

"பிரேதம் வச்சிருக்கிற யாக்கோப்பண்ணன்ட மலர்ச்சாலைக்கு நீ போனியா?"

"நான் எதுக்குப் போறன்? நீங்க எதுக்குப் போனீங்க?"

அப்பதான் வாயைத் திறந்தா. செத்த ஆக்களுக்கு மேக்கப் போட அவ ரெண்டு வருசமாப் போறாவாம். வெளியில தெரிஞ்சா கலியாணப் பொம்பிளைகள் வர மாட்டாங்களெண்டு ஒளிச்சவவாம். அதே பிரஷ். அதே கை. எங்களுக்குச் சுத்தம் படிப்பிச்ச மனுசி!

"ஏன் வெள்ளையாப் போட்டீங்க?"

"வீட்டாக்கள்தான் கேட்டாங்க. கடைசியா ஒருக்கா வடிவா இருக்கட்டும் எண்டு."

செத்த பிறகும் விடுறாங்க இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்தில பயம் கூட விட்டுப் போச்சு. உள்ளுக்க போனன்.

பெட்டிக்குள்ள அவள். வெள்ளை பிளவுஸ், கறுப்புப் பாவாடை. அவட நிறத்திலயே முகம். இடது கன்னத்து நிழல் ஒரு விரல் அளவு மேல ஏறியிருந்திச்சு.

யாக்கோப்பண்ணன் என்னட்ட ஒரு ரிசூ பேப்பரை நீட்டினார். மடிச்சது. ஓரத்தில மண்ணிறக் கறை. "கொலருக்குள்ள கிடந்திச்சு, பிள்ள. நேற்று மத்தியானத்துக்கு முதலே மூடி போட்டுத் திருகாணி பூட்டினது நான். ராவு தாய் வந்த பிறகுதான் திறந்த. இது எப்பிடி உள்ளுக்க போகும்?"

தாய் பெட்டியில கை வச்சபடி இருந்தா. குவைத்துக்கு ஒருத்தரும் உண்மையைச் சொல்லல்ல. எங்கட ஆக்கள் எப்பவும் செய்யிற வேலைதானே. தூரத்தில தனிய இருக்கிறவங்க தாங்க மாட்டாங்களெண்டு, "சீரியஸ், உடன வாங்க" எண்டு மட்டும் சொல்லிக் கூப்பிடுவாங்க. வாசலில பந்தலைக் கண்டுதான் அந்த மனுசி அறிஞ்சிருக்கிறா.

நான் கிட்டப் போனதும் நிமிர்ந்து பாத்தா. பாத்துக்கொண்டே இருந்தா.

"நீங்கதானே பின்னால நிண்டது?"

நான் அவக்குப் பக்கத்தில குந்தினன்.

"எயர்போட்டில இருந்து வேனில வரக்குள்ள வீடியோ கோல் எடுத்தவள். ஒண்டும் கதைக்கல்ல. முகத்தை மட்டும் காட்டினாள், சிரிச்சாள். பிள்ளைக்குச் சுகம் எண்டு நினைச்சு, வாற வழியெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தன்... பின்னால நீங்க பிரஷோட நிண்டீங்க."

"அம்மா, விசர்க் கதை கதைக்காதீங்க" எண்டான் மகன் ஜசிந்தன். "அவட போன் நாலு நாளா ஓஃப். நான்தான் அதைப் பெட்டிக்குள்ள அவட கைக்குக் கீழ வச்சது."

தாய் தன்ட போனைத் திருப்பி எனக்குக் காட்டினா. சர்மிலா, வீடியோ கோல், நேற்று, 3.48.

"உங்களிட்ட என்ன கேட்டவள்?"

"அம்மா என்னை அடையாளம் பிடிக்கணும் எண்டு... அவ்வளவுதான் கேட்டவள்."

தலையை ஆட்டினா. அழல்ல. பிள்ளையின்ட கன்னத்தைத் தொடப் போய், மேக்கப் அழிஞ்சு போகுமெண்டு கையை எடுத்திட்டா.

"கண்ட உடன பிடிச்சிட்டன். திரும்ப உங்களிட்ட வந்தாளெண்டா, அதை மட்டும் சொல்லி விடுங்க."

நான் அக்காட கிளாஸை விட்டுட்டன். ஆனா மழை நாளில, கரண்ட் போற நேரம், எங்கட வீட்டு முன் கதவை இப்பவும் பூட்டாமத்தான் வச்சிருக்கன். பயம் இல்லையெண்டு சொல்ல மாட்டன். நல்ல பயம். எண்டாலும் சொல்ல வேண்டிய ஒரு சேதி இன்னும் என்னட்டத்தான் இருக்கு.