தோணிக்கூலிக்குப் போன ஷில்லிங்

எனக்கு வெள்ளிக்காசுப் பைத்தியம். அதிலும் இயந்திரம் வருவதற்கு முன்னால் சம்மட்டியால் அடித்த இங்கிலீஷ் காசுகள் என்றால் உயிர். அவை சரியான வட்டமாக இருக்காது. ஓரத்து வெள்ளியை எவனாவது வெட்டித் தின்றிருப்பான். அப்படி ஒரு ஷில்லிங், பின்னாளில் தலை வெட்டுண்ட ஒரு ராஜா காலத்தது, இங்கே பர்மாவில், போட்டாதாங் பேட்டைப் பழைய சாமான் கடையில் என்னிடம் சிக்கியது. அன்றிலிருந்து என் காசுப் பெட்டியை யார் தொட்டாலும் வீடு இரண்டாகும்.

போன மழைக்காலத்தில், க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்களோடு இருந்த மாமனார் இறந்துபோனார். பர்மாக்காரர், பௌத்தர். இறந்தவர் வாயில் ஒரு காசு வைப்பது அவர்கள் வழக்கம். 'கடோகா' என்பார்கள், அக்கரைக்குப் போகத் தோணிக்கூலி. ஆனால் இந்த ஊரில் இப்போது காசு ஏது? புழக்கத்தில் இருப்பதெல்லாம் நோட்டுதான். பழைய ராணி தலை ரூபாய் ஒன்றைக் கொடுக்கலாம் என்று நானே பெட்டியைத் திறந்தேன். ரூபாய்கள் அப்படியே இருந்தன. ஷில்லிங்கின் இடம் காலி.

ஒரு ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். பிக்குகள் ஓதி முடித்துப் புறப்பட்டிருந்தார்கள். மாமனாரின் உதடு சரியாக மூடவில்லை. இடுக்கில் அந்தக் கோணல் விளிம்பு தெரிந்தது. வாசலில் சவ வண்டி வந்து நின்றது. இன்னும் சற்று நேரத்தில் அந்தக் காசு நெருப்போடு போய்விடும். இரண்டு விரல் விட்டால் எடுத்துவிடலாம். ஆனால் தலைமாட்டில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார், கண்ணை அகற்றாமல்.

மனைவியை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டேன். ஏன் அதை எடுத்தாய் என்று ஆத்திரத்தோடு கேட்டேன்.

"நல்லத எடுத்தா நீங்க ஏசுவீங்க. அதான் ஒடஞ்சதா பாத்து எடுத்தேன்" என்றாள். "அப்பேக்குப் போயி ஒடஞ்ச காச வச்சேனேன்னு காலையிலேருந்து மனசு ஆறல."

தகப்பனாரை அவள் 'அப்பே' என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பயந்து அப்பனுக்குக் கழிசடைக் காசு வைத்ததாக நினைத்து இவ்வளவு நேரம் வெந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஷில்லிங் மேல் இருந்த ஆசையும் போகவில்லை.

அப்போதுதான் என் கையிலிருந்த ரூபாயைப் பார்த்தாள். அப்பேக்கு வைக்கவா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாற்றி வைப்பாள், ஷில்லிங் கைக்கு வந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

அவள் ரூபாயை வாங்கிக்கொண்டு போனாள். குனிந்து, ஷில்லிங்குக்குப் பக்கத்தில் அதையும் செருகினாள். பழையதை எடுக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாயில வச்சத எடுக்கப்படாது" என்றாள். அவ்வளவு நேரம் இறுகியிருந்த முகம் தெளிந்துவிட்டது. "ஒடஞ்சது கெடந்துட்டுப் போவுது. இப்பத்தான் அப்பேக்கு ஒரு நல்ல காசு கெடச்சிருக்கு."

மைத்துனரோடு சேர்ந்து சவப்பெட்டியின் மூடியைத் தூக்கி வைத்தேன்.